அண்ணன் தம்பி நடுவில் அரைக்கல் சுவர்

அஸ்திவாரத்துக்கு அளவு குறித்து நூல் கட்டிய அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். வீடு கட்டப்போகிற ஏழுமலை. அவர் மனைவி சுமதி. பழைய வீட்டின் மறுபாதியில் குடியிருந்த அவருடைய அண்ணன் கலியமூர்த்தி. அண்ணன் மனைவி அஞ்சலை. பிளானில் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர். ஆறாவது ஆள் மேஸ்திரியாகிய நான். சண்டையில் முடியாமல், சிரித்துப் பேசிக்கொண்டே நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். அடுத்த ஐப்பசி மழையில் எங்களில் ஒருவர் செத்துப்போனார்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்பை முடிக்காதவன். படித்துவிட்டு வருகிற உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் கணக்கு எதுவும் கிடையாது. பயம் இருக்கிறது. அதில் கொஞ்சம் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஏரிப்பக்கம் சரிந்து இறங்குகிற தெரு அது. பெயர் வேண்டாம், அந்த ஆட்கள் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள். அப்போது இரண்டு பக்கமும் நாட்டு ஓட்டு வீடுகள். ஒரு வீட்டு ஓடு முடிகிற இடத்தில் அடுத்த வீட்டு ஓடு தொடங்கும். நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அதில் ஓர் ஆணி அடிப்பதானாலும் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள், அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள். யாராக இருந்தாலும் குனிந்துதான் வீட்டுக்குள் போகவேண்டும். தரை எல்லா வீட்டிலும் தெருவோடு ஒரே மட்டம்.

பிறகு தார் ரோடு வந்தது. பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலையிலேயே புதியதைப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு ஏறியது, வீடுகள் பள்ளத்துக்குள் போயின. மழை பெய்தால் தெருத் தண்ணீர் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்து அடுப்பை அணைத்தது. புதிதாகக் கட்டுகிறவர் எவரானாலும் முதலில் "தரைய ஒசத்திக் குடுங்க மேஸ்திரி" என்றுதான் கேட்டார். அதில் தப்புச் சொல்ல முடியாது.

ஏழுமலை குவைத்தில் டிரைவர். அப்பா இறந்தபின் வீட்டை அண்ணனும் தம்பியும் நேர்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்குப் பதினாலு அடி அகலம். நடுவில் அவர்கள் அப்பா எழுப்பிய மண்சுவர். அண்ணன் வீட்டுக் கூரை மரங்கள் எல்லாம் அந்தச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருந்தன. தம்பி தன் பாதியை இடித்தபோது அந்தச் சுவர் மட்டும் ஒருபக்கம் சட்டை இல்லாத ஆள்போல வெயிலில் நின்றது.

முதலில் நான் ஒரு பிளான் போட்டுக் கொடுத்திருந்தேன். தெரு என்பது பந்தி மாதிரி. எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது நடுவில் ஒருத்தர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவருக்கும் சோறு இறங்காது, அவருடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவருக்கும் இறங்காது. அவர் கை அலம்புகிற தண்ணீர் பக்கத்து இலையில்தான் விழும். அதனால் முன்கட்டை ஓர் அடி மட்டும் உயர்த்தி, அண்ணன் வீட்டுக் கூரைச்சரிவுக்கு இணையாக ஓடு இறக்கியிருந்தேன். கான்கிரீட் மெத்தை போட்ட அறைகள், உயரமான தரை எல்லாம் பின்கட்டில். மண்சுவரை ஒட்டி ஒரு முழம் சந்து விட்டு, அதில் சிமென்ட் வாய்க்கால் வைத்துத் தண்ணீரை ஏரி வாய்க்காலுக்குத் தள்ளிவிடலாம் என்று எண்ணம். தெருவில் நின்று பார்த்தால் பழைய வீட்டின் தங்கை மாதிரி இருக்கும்.

சுமதிக்குப் பிடிக்கவில்லை. "இன்னா மேஸ்திரி, திரும்பவும் ஓட்டு வூடா? இவரு அந்த வெயில்ல வண்டி ஓட்டிக்கினு கெடக்கறாரு. நாங்க இங்க குனிஞ்சே உள்ள போவணுமா?" என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "போன மழைக்குப் புள்ளய கட்டில் மேல வச்சிக்கினு விடியற வரிக்கும் நின்னுக்கினே இருந்தேன். உங்களுக்கு இன்னா தெரியும்" என்றாள்.

நான் என் பிளானைச் சுருட்டிக்கொண்டேன். ஏழுமலை இன்ஜினியரிடம் போய் வேறு பிளான் வாங்கிவந்தார். நாலு அடி உயரப் பேஸ்மட்டம், அதாவது சுற்றிலும் சுவர் எழுப்பி உள்ளே மண் கொட்டித் தரையை உயர்த்துவது. அதன்மேல் இரண்டு அடுக்கு, முகப்பில் உருண்டைத் தூண். அந்த இன்ஜினியரை நான் குறை சொல்லமாட்டேன். நடுச்சுவரை ஒட்டி ஒன்பது அங்குலத்தில் தனிச்சுவர் என்று அவர் படத்திலேயே தெளிவாகப் போட்டிருந்தார். சந்து கிடையாது, ஆனால் சுவர் இருந்தது.

நூல் கட்டியதும் ஏழுமலை குனிந்து பார்த்தார். "இது இன்னா மேஸ்திரி, இவ்ளோ உள்ள தள்ளி வருது?"

"தனிச்செவுருக்கு ஒம்போது இன்ச்சிங்க. அதுக்கும் முன்னாடி ஒரு முழம் சந்து வுட்டா நல்லதுன்னு நான் தான் தள்ளிக் கட்டினேன்."

"இருக்கறதே பதினாலு அடி. சந்துக்கு ஒரு முழம், செவுருக்கு ஒம்போது இன்ச். அப்பறம் நாங்க இன்னா, நின்னுக்கினே தூங்கறதா?"

"செவுரு தான் ஏற்கெனவே இருக்குதே" என்றாள் சுமதி. "மாமனாரு போட்டது. அது மேலயே அணைச்சி மண்ணக் கொட்டுங்க."

"நாலு அடி மண்ணும்மா. மேல கூரை போடறதுக்குள்ள ஒரு மழ பேஞ்சிச்சின்னா தண்ணி எறங்கும். ஈர மண்ணு தள்ளும். மண்செவுரு தாங்காது."

"மேஸ்திரிக்கு எதுக்குத் தான் பயமில்ல. காக்கா கத்துனா சாரத்த அவுக்கற ஆளு" என்றார் ஏழுமலை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் பயம் காக்கையிடமிருந்து வந்ததல்ல. அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் கல்வராயன் மலையில் ஒரு குடியிருப்பு வேலைக்குக் கொத்தனாராகப் போயிருந்தேன். மலைக்காரர்கள் வீடுகள் தாழ்வாக, சரிவோடு சரிவாகப் பதுங்கி இருக்கும். நாங்கள் சரிவை வெட்டி, வெட்டின மண்ணைப் பின்சுவரில் அணைத்து, வரிசையாக உயரமான வீடுகள் கட்டினோம். பார்க்க அழகாக இருந்தது. ஒரு மழையில் பின்சுவர் மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது. குடி வைக்காத வீடு என்பதால் ஆள் சேதம் இல்லை. காலையில் போய்ப் பார்த்தேன். சேறு சமையலறைக்குள் புகுந்து, வாசல் வழியாக வெளியே போயிருந்தது. அன்றிலிருந்து எங்கே மண் அணைத்திருந்தாலும் என் கை போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கும்.

இதையும் நான் அங்கே சொன்னேன். "அது மலை மேஸ்திரி, இது தரை" என்றார் ஏழுமலை.

அஞ்சலை என் பக்கத்தில் வந்தாள். "எங்க பக்கம் தண்ணி வராதில்லண்ணா?" என்று என்னை மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் ஏழுமலையின் குரல் ஏறியது, என் குரலும் ஏறியது. அப்போதுதான் கலியமூர்த்தி நடுவில் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். கரும்பு வெட்டுகிற ஆள். ஆனால் தெருவில் எந்தத் தகராறு வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கோழி காணாமல் போனாலும் சரி, குழாயடியில் குடம் உடைந்தாலும் சரி, அவர் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: ஆளுக்குப் பாதி. பாதியை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தெருவில் போலீஸ் ஏறாமல் இருந்ததற்கு அந்தத் தீர்ப்புதான் காரணம் என்று சொல்வார்கள்.

"மேஸ்திரி ஒம்போது இன்ச் கேக்கறாரு. தம்பி ஒன்னுமே குடுக்க முடியாதுங்கறான். பாதியா வச்சிக்கங்க. நாலரை. சந்து வேணாம். தீந்துச்சா?" என்றார் கலியமூர்த்தி.

நாலரை அங்குலம் என்றால் அரைக்கல் சுவர். வீட்டுக்குள் அறை தடுக்க வைப்போமே, அது. நாலு அடி ஈர மண்ணுக்கு அது துணித்திரை. "அண்ணே, நிக்காது" என்றேன்.

அவர் என் தோளில் கை போட்டார். "இடிஞ்சா எங்க வூட்டு மேல தான வுழும்? எனக்கே பரவால்லன்றேன். உனக்கு இன்னா?" பிறகு தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "பேரு ஏழுமலை. வாசப்படியும் ஏழா? உங்க வூட்டுல காபி குடிக்கணும்னா மொட்ட போட்டுக்கினு தான் ஏறணும் போலக்குது."

மறுபடி சிரிப்பு. இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "அது உங்க குடும்ப விஷயம், பேசி முடிச்சிக்குங்க" என்று வண்டியை எடுத்தார். நான் நூலை அவிழ்த்து நாலரை அங்குலத்துக்கு நகர்த்திக் கட்டினேன்.

உனக்கு இன்னா என்று உங்களையும் கேட்பார்கள், பிள்ளைகளே. வீட்டுக்காரர் கேட்பார். சில சமயம் இடிபடப்போகிறவரே கேட்பார். அவர் சம்மதித்துவிட்டார் என்பது உங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருக்கும். சம்மதம் சுவரைத் தாங்காது. நாலரை அங்குலத்துக்கு அங்கே எல்லாரும் சம்மதித்தார்கள், மண்ணை யாரும் கேட்கவில்லை.

ஏழுமலை லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பிப் போனார். அங்கிருந்து பணம் வருவது தள்ளிப்போனது. பேஸ்மட்டத்தில் கிராவல் மண் நிரப்பி, சுவர்கள் ஜன்னல் மட்டத்துக்கு வந்ததோடு வேலை நின்றது. மேலே கூரை இல்லை. அந்த மண்மேடு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. தார்ப்பாய் போடச் சொல்லி சுமதியிடம் கேட்டேன். போட்டாள். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் ஏரிக்கரைக் கருவேல முள்ளில் மாட்டியது. ஐப்பசி பிறந்தது. எனக்குத் தூக்கம் போனது. சாக்கு ஏதாவது வைத்துக்கொண்டு அந்தத் தெருப்பக்கம் போவேன், அரைக்கல் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன், வருவேன். என்னைப் பார்த்தாலே தெருவில், "மேஸ்திரி செவுருக்கு ஜொரம் பாக்க வந்துட்டாரு" என்பார்கள்.

விடாத மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், மதியம், அண்ணன் வீட்டுக்குள் போனேன். மழையில் கரும்பு வெட்டு இல்லாததால் கலியமூர்த்தி வீட்டிலேயே இருந்தார். பள்ளிக்கூடம் லீவு; அவர்கள் மகள் நடுச்சுவர் ஓரமாகப் பாயில் படுத்திருந்தாள். அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு சாமி படம். நல்ல சுவரில் படம் ஒட்டிக்கொண்டு தொங்கும். இந்தப் படத்தின் அடிப்பக்கம் சுவரை விட்டு நாலு விரற்கடை விலகி, காற்றில் தொங்கியது.

படம் நேராகத்தான் தொங்கியது. சுவர்தான் சாய்ந்திருந்தது.

"அது காத்துக்கு ஆடுதுன்னு நெனச்சேண்ணா" என்றாள் அஞ்சலை.

நான் மகளை எழுப்பி வெளியே அனுப்பினேன். அஞ்சலை அரிசிப் பானையையும் துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். செய்வதற்கு இரண்டு வழி இருந்தது. தம்பி பக்கத்துப் பேஸ்மட்டத்தை முகப்பில் உடைத்துத் தண்ணீரை வெளியே விட்டு, சுவரோர மண்ணை அள்ளிவிடுவது ஒன்று. உள்ளே சவுக்குக் கழி முட்டுக் கொடுத்துச் சுவரைத் தாங்குவது இன்னொன்று. முதல் வழியில் புது வீடு நாசமாகும், ஆள் உள்ளே போகவேண்டியதில்லை. இரண்டாவது வழியில் எதுவும் நாசமாகாது, ஆனால் சுவருக்கு அடியில் ஆள் நிற்கவேண்டும்.

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு முகப்புக்குப் போனேன். சுமதி அதே தெருவில் வாடகைக்கு இருந்தாள். சாக்கை முக்காடு போட்டுக்கொண்டு ஓடிவந்து முன்னால் நின்றாள். "எங்க பேஸ்மட்டத்தை ஒடைக்கறதா? அவரக் கேக்காம ஒரு கல்லு எடுக்க வுட மாட்டேன். எத்தினி வருசத்து சம்பாத்தியம் தெரியுமா இது?"

"ஒடைச்சாலும் உங்க வூடு இருக்கும்மா. ஒடைக்கலன்னா கலியமூர்த்தி அண்ணன் வூடு போயிடும்" என்றேன்.

கலியமூர்த்தி என் கையைப் பிடித்தார். "அவள அழ வைக்காத மேஸ்திரி. போய் போன் பண்ணி அவனக் கேட்டுக்கினு வரட்டும். அதுவரிக்கும் நாம முட்டு குடுத்துக்கினு இருப்போம்."

பாதி அவளுக்கு, பாதி எனக்கு. சுமதி போன் பூத்துக்கு ஓடினாள். நான் கடப்பாரையைக் கீழே போட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். அப்போது யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. சுமதி போனபின் முகப்பில் ஒருவரும் இல்லை. கடப்பாரை காலடியில் கிடந்தது. நாலு குத்துக் குத்தியிருந்தால் செங்கல் விட்டிருக்கும். அனுமதி வரட்டும் என்று நினைத்தேன். மற்ற நாளெல்லாம் பயந்தவன் அன்றைக்கு மட்டும் மரியாதை பார்த்தேன்.

முதல் கழியை வைத்தோம். சுவர் கொஞ்சம் நின்ற மாதிரி தெரிந்தது. இரண்டாவதையும் வைத்தோம். கலியமூர்த்தி அதன் தலையைத் தோளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒன்னு எடுத்துக்கினு வா, போதும்" என்றார். நான் வாசலைத் தாண்டிக் கழியைத் தூக்கினேன்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஈர மண் விழுவது மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரிதான் கேட்கும். அதற்குப் பிறகுதான் ஓடுகள் சரிந்த சத்தம். திரும்பிப் பார்த்தபோது வீட்டுக்குள் வெளிச்சமாக இருந்தது. தம்பி வீட்டு மண் அண்ணன் வீட்டுக்குள் வந்து, கூடத்தை நிரப்பி, வாசல்படிவரை வந்து நின்றது.

தெருவே கூடிக் கையால் தோண்டியது. அஞ்சலை தோண்டினாள். சுமதி திரும்பி வந்து பார்த்தவள், என்னிடம், "லைன் கெடைக்கலங்க" என்றாள். பிறகு அவளும் மண்டிபோட்டுத் தோண்டினாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. வெளியே எடுத்தபோது கலியமூர்த்தியின் தோளில் அந்தக் கழி அப்படியே அணைந்திருந்தது.

மழையில் பழைய மண்சுவர் விழுந்து சாவு என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். பழைய சுவர்தான், மழைதான். நான் அரைக்கல்லைப் பற்றிச் சொல்லப் போனேன். அஞ்சலைதான் தடுத்தாள். "அவரே சொன்னதுண்ணா அது. அவரு வாக்குக்கு இன்னொருத்தர் மேல பழி எழுத வேணாம்."

ஏழுமலை கருமாதிக்குத்தான் வர முடிந்தது. அண்ணன் போட்டோவுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் தெரு கூடியது. தீர்ப்புச் சொல்கிற ஆள் இல்லாத பஞ்சாயத்து. விழுந்த வீட்டைத் திரும்ப எழுப்ப நாற்பதாயிரம் ஆகும் என்று நான் கணக்குச் சொன்னேன். என் கூலி வேண்டாம் என்றும் சொன்னேன். யார் கொடுப்பது என்று பேச்சு வந்தது. பின்வரிசையில் ஒருத்தர், "இருந்திருந்தா அவரு இன்னா சொல்லுவாரு? ஆளுக்குப் பாதி" என்றார். யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை. அப்படியே முடிந்தது. இடிந்த வீட்டுக்குப் பாதி இடித்தவர், பாதி இடிபட்டவர்.

அஞ்சலை தன் பாதிக்குக் காதுத் தோட்டை விற்றாள், மீதியைச் செங்கல் சூளையில் முன்பணமாக வாங்கினாள். கல்லும் மணலும் வந்து இறங்கின. ஏழுமலை எட்டாயிரம் கொடுத்தார். மீதியை அங்கே போய் அனுப்புகிறேன் என்றார். சூளைக் கடனை அடைக்க அஞ்சலை மகளோடு சூளைக்கே குடிபோனாள். இறக்கிய மணலை மழை கரைத்தது, கல்லைத் தெருப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுத்து விளையாடினார்கள்.

ஏழுமலை வீடு முடிந்தது. இந்தத் தடவை ஒன்பது அங்குலச் சுவர், நான் கட்டவில்லை. அந்த வீட்டைப் பார்த்து அடுத்தவர் அரையடி ஏற்றினார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். இப்போது தெருவில் ஒரு வீட்டுத் தரை மாதிரி இன்னொரு வீட்டுத் தரை இல்லை. எல்லா வீட்டுக்கும் ஏறிப்போகப் படிக்கட்டு, வழுக்காமல் பிடித்துக்கொள்ளப் பளபளவென்று கம்பி. மழை பெய்தால் எல்லா வீட்டுத் தண்ணீரும் தெருவிலேயே பள்ளமான ஒரே இடத்துக்குப் போகிறது. அது அஞ்சலையின் மனை.

நீங்கள் இப்போது கம்ப்யூட்டரில் வீட்டு முகப்பு போட்டுக் காட்டுகிறீர்கள். நானும் பார்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் ஒரு கார், பக்கத்தில் இரண்டு மரம், பின்னால் நீல வானம். பக்கத்து வீடு மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. அது இருக்கிற இடத்தில் மரத்தை வைத்துவிடுகிறீர்கள். அளவெடுக்கப் போகிற நாளில் பக்கத்து வீட்டுக்குள்ளும் போங்கள். தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். அவர்கள் கூரை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, சுவரோரம் யார் படுக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்குப் பிறகு உயரத்தைப் பற்றிப் பேசுங்கள். அப்போது யாராவது உனக்கு இன்னா என்று கேட்டால், இடியப்போகிற சுவரைக் கட்டுகிற கை என்னுடையது என்று சொல்லிவிட்டு நூலை அவிழ்க்காமல் நில்லுங்கள். வேலை போகும். போகட்டும்.

அஞ்சலையின் மனைக்கு ஒரு பிளான் என்னிடம் இருக்கிறது. அவள் சூளைக்குப் போகிறதற்கு முன்னால் கேட்டாள், "எங்க வூட்ட எந்த மட்டத்துல கட்டுவண்ணா?" தெருவை விட ஓர் அடி மேலே, அவ்வளவுதான் என்றேன். தம்பி சுவரை ஒட்டி ஒரு முழம் சந்து, தனியாக ஒன்பது அங்குலச் சுவர், தண்ணீர் போக வாய்க்கால், முகப்பில் தாழ்ந்த ஓட்டுச்சரிவு. பின்பக்கம் அவள் மகள் நிமிர்ந்து நடக்க ஓர் உயரமான அறை. அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "படம் மாட்ட எடம் வுட்டுருக்கியா?" என்று கேட்டாள். விட்டிருந்தேன்.

அந்தப் பிளான் இன்னமும் செல்லும். ஏழுமலை தரவேண்டியதில் பன்னிரண்டாயிரம் ரூபாய் பாக்கி.